எடை போட்டுப் பார்

ரேஸ் சங்கத்தின் சர்க்குலர் வந்த நேரத்தில் கொசு காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். கால் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய நாத்தனார் அந்தக் காலருகே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனில் வந்ததை வாய்விட்டுப் படித்தாள். நாத்தனாருக்கு எதையும் மெதுவாகப் படிக்க வராது. அவள் ரகசியம் பேசினாலே ஷெட்டின் தகரக் கூரை அதிரும்.

"இனிமே கார் ஓட்டறவங்களோட எடை, உடுப்பு ஹெல்மெட்டு எல்லாம் சேத்து, எண்பது கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதாம். குறைஞ்சா, குறையற அளவுக்குக் கார்ல ஈயத்தகடு ஏத்தணுமாம். அடுத்த ரேஸ்லேர்ந்தே."

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"யார் யாருக்கு?" என்று கேட்டது குரல்.

"எல்லாருக்கும்தான். எல்லாரும்னா யாரு? அத்தனை தடியனுக்கு நடுவுல நீங்க ஒருத்தி. உங்க பேரை மட்டும்தான் போடலை அண்ணி. வீட்டு விலாசம் வரைக்கும் எழுதின மாதிரிதான் இருக்கு."

கொசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. முதல் தடவை ரேஸ் மைதானத்துக்குள் அவள் காலை வைத்த அன்று எவனோ ஒரு புண்ணியவான் வைத்தது. ஆளைப் பார்த்தால் அப்படித்தான் இருப்பாள். ஈரத் துணியோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தேறாது. காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவள் பிழைப்பு. அந்தப் பஸ்ஸில் அவள் ஏறி உட்கார்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஸ்டியரிங் தானாகத் திரும்புகிற மாதிரி இருக்கும். வைத்த பெயருக்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கார்க் கதவில் பெரிதாக ஒரு கொசுவை வரைந்துகொண்டு மறு ரேஸுக்கு வந்தாள். கேலி செய்தவன் வாயை மூட அதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்.

டீம் என்றால் மூன்றே பேர். ஓட்டுவது கொசு. பிரிப்பது, பூட்டுவது எல்லாம் அவள் கணவன். அவன் ஒரு ஊமைக்கோட்டான். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் பாதி போல்ட்டு நட்டோடு. மானேஜர் வேலை, டயர் உருட்டுகிற வேலை, அடுத்த டீம்காரனோடு மல்லுக்கு நிற்கிற வேலை மூன்றும் நாத்தனாருடையது. அந்த மூன்றாவது வேலைக்கு அவள் பிறவியிலேயே தகுதி பெற்றவள்.

அந்த வருஷம் நாலு ரேஸ் முடிந்திருந்தது. நாலில் மூன்று கொசுவுக்கு. இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவனுக்கு சிமெண்ட் என்று பெயர். அப்பாவுக்கு சிமெண்ட் கம்பெனி. ஆளும் சிமெண்ட் மூட்டை கணக்காகத்தான் இருப்பான். கெட்டிக்காரன், ஓட்டத் தெரிந்தவன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோற்கத் தெரியாதவன். மூன்றாவது ரேஸில் கடைசி வளைவில் கொசு அவனை உள்பக்கமாகப் புகுந்து தாண்டினாள். இறங்கியதும் மைக்கை நீட்டினார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "என்னை ஜெயிச்சது அக்கா இல்ல. தராசு."

மைதானமே சிரித்தது. கொசுவும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை மீன் முள் மாதிரி அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் பஸ் ஓட்டும்போதும் அதே வார்த்தைதான். பதினைந்து வருஷம் விழுந்து எழுந்து, கை எலும்பை முறித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை எங்கே தொடவேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொல்கிற அளவுக்குக் கற்று வைத்ததை, ஒரு பயல் ஒரே வார்த்தையில் தராசுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

பொய் சொல்லக் கூடாது. ஆள் லேசாக இருந்தால் காருக்கு லாபம்தான். வளைவிலிருந்து சீக்கிரம் கிளம்பும், டயர் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அது கொசுவுக்கும் தெரியும். ஆனால் சிமெண்டுக்கு ஒரு டஜன் மெக்கானிக் இருந்தார்கள். ரேஸுக்கு ரேஸ் புது எஞ்சின் வந்தது. அதுவும் லாபம்தான். அதற்கு ஈடாக யாரும் அவன் இடுப்பில் ஈயம் கட்டவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவனுங்க கூடத்தையே இடிச்சுக் கட்டறானுங்க," என்றாள் நாத்தனார். "நாம போக வேண்டாம் அண்ணி. கடுதாசி எழுதி மூஞ்சில அடிச்சிட்டு வீட்ல இருப்போம்."

கொசு அடியிலிருந்து வெளியே வந்தாள். மூக்கில் கிரீஸ். "வீட்ல இருந்தா என்ன சொல்லுவான்? ஈயம்னதும் ஓடிட்டா, தராசு இல்லாம அவளுக்கு ஓட்டத் தெரியாதும்பான். போவேன். ஏத்துடான்னா ஏத்திக்கிட்டே போவேன். ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுத்தான் போவேன்."

மறுநாள் சாயங்கால டிரிப்புக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் டிரைவர் சட்டையோடு சங்கத்து ஆபீசுக்குப் போனாள். செயலாளர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த மனிதர், தங்க பிரேம் கண்ணாடி, யாரையும் நேரே பார்த்துப் பேசாத பழக்கம். ஓரத்து சோபாவில் சிமெண்ட் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சித்தப்பா சங்கத்தின் விதிக் குழுவில் இருந்தார் என்பது ஊரறிந்த விஷயம்.

"வாங்க அக்கா," என்று சிமெண்ட் எழுந்து நின்றான். மரியாதையில் அவனை அடிக்க ஆளில்லை.

கொசு செயலாளரைப் பார்த்தாள். "சார், எடை விதி தப்புன்னு சொல்ல வரலை. அடுத்த வருஷம் மொத ரேஸுக்கு முன்னாடி போடுங்க, வாயைத் திறக்க மாட்டேன். பாதிச் சாப்பாட்டுல தட்டைப் பிடுங்கினா எப்படி?"

"இது சமநிலைக்காக எடுத்த முடிவும்மா."

"நாலு ரேஸா அந்தச் சமநிலை எங்க சார் போயிருந்துச்சு?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "குழு முடிவு. நான் வெறும் கையெழுத்து."

"சரி. எப்ப எடை போடுவீங்க? ரேஸுக்கு முன்னாடியா, முடிஞ்சப்புறமா?"

அதை யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. செயலாளர் திரும்பி சோபாவைப் பார்த்தார். சிமெண்ட்தான் பதில் சொன்னான். "முன்னாடி போட்டா ரெண்டு பாட்டில் தண்ணியைக் குடிச்சிட்டு வந்து நிப்பாங்க சார். முடிஞ்சதும் போடுங்க. ஒரு கிராம் குறைஞ்சாலும் வெளியே. யாரா இருந்தாலும் சரி." சொல்லிவிட்டு கொசுவைப் பார்த்துச் சிரித்தான். "உங்களைச் சொல்லலை அக்கா. பொதுவாச் சொல்றேன்."

செயலாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு கிராம் குறைந்தாலும். யாராக இருந்தாலும்.

"எழுதியாச்சா சார்?" என்றாள் கொசு. "நல்லா அழுத்தி எழுதுங்க." சாயங்கால டிரிப்புக்கு நேரமாகியிருந்தது, கிளம்பிவிட்டாள்.

ஈயத்தை எங்கே வைப்பது என்று கணவன் இரண்டு நாள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். சர்க்குலரில் கார்ல ஏத்தணும் என்றுதான் இருந்தது, எங்கே என்று இல்லை. ஓட்டுகிறவள் உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக, தரையோடு தரையாக, தகடுகளை வரிசையாக வைத்து போல்ட் போட்டான். பூட்டி முடித்துவிட்டு, "இப்ப கார் நேரா நிக்குது," என்றான். அன்றைக்கு அவன் பேசிய ஒரே வாக்கியம் அது.

உண்மையில் நின்றது. ஆள் ஒரு பக்கம், ஈயம் மறு பக்கம், எடை முழுக்கக் கீழே. வளைவில் கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. சிமெண்டின் எடையெல்லாம் அவன் நெஞ்சிலும் தொந்தியிலும் உயரே இருந்தது. அதைக் கழற்றிக் கீழே வைக்க எந்த மெக்கானிக்காலும் ஆகாது. ஐந்தாவது ரேஸில் கொசு அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். முடிந்ததும் தகடுகளைக் கழற்றி அவள் கூடவே எடை மிஷினில் ஏற்றினார்கள். எண்பதைத் தொட்டுக்கொண்டு முள் நின்றது. மயிரிழை தப்பியது என்று சொல்லலாம்.

கணவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு ரேஸில் வேர்வையாகவே கிலோக் கணக்கில் போய்விடுகிறது என்பதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த தடவைக்கு வேர்வைக்கும் சேர்த்து இரண்டு தகடு கூடுதலாகப் போட்டான். "எதுக்குங்க வீண் சுமை?" என்று கொசு கேட்டாள். "இருக்கட்டும்," என்றான். அதற்கு மேல் அவன் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

இதற்குள் இரண்டாவது சர்க்குலர் வந்துவிட்டது. ஈயத்தைத் தரையில் வைக்கக் கூடாதாம். சீட்டின் முதுகில், ஓட்டுகிறவரின் தோள் உயரத்தில்தான் வைக்க வேண்டுமாம்.

நாத்தனார் அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள். அப்புறம், "மூணாவது சர்க்குலர் என்னன்னு நானே சொல்றேன் அண்ணி," என்றாள். "பேர்ல ரெண்டே எழுத்து இருக்கறவங்க பின்பக்கமாத்தான் ஓட்டணும்."

கொசு சிரிக்கவில்லை. உள்ளுக்குள் எரிந்தது. ஜெயித்தால் விதி மாறும், தோற்றால் விதி நிற்கும் என்றால், விதி எதற்கு? நேராக, நீ ஜெயிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாமே. காகிதமாவது மிச்சம்.

ஆறாவது ரேஸில் முதுகில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது. வளைவுக்கு வளைவு கார் வெளிப்பக்கம் சாய்ந்தது. பாதி ரேஸிலேயே டயர் வழுக்க ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதாக வந்தாள். சிமெண்ட் முதலில் வந்தான். மைக்கில் அவன், "இப்பத்தான் சமமான ஆட்டம்," என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தால், கடைசி ரேஸில் இந்த இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் வருஷத்தின் கோப்பை.

வீட்டுக்கு வந்ததும் கொசு பெயின்ட் டப்பாவை எடுத்தாள். கார் முகப்பில், கண்ணாடிக்குக் கீழே, அரையடி உயரத்துக்குச் சிவப்பில் எழுதினாள்: எடை போட்டுப் பார்.

நாத்தனார் தள்ளி நின்று வாசித்தாள். "யாரைச் சொல்றீங்க?"

"யார் படிக்கறாங்களோ அவங்களை."

கடைசி ரேஸ் அன்று செயலாளர் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். "இதை அழிங்கம்மா. சங்கத்தைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு."

"எந்த விதியில சார் இருக்கு?"

"விதியில இல்லை, ஆனா..."

"அப்ப ஒரு சர்க்குலர் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்ல?"

அவர் போய்விட்டார்.

அன்று மைதானத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. எண்பது என்று ஒரு எண் வந்ததும், அதற்கு மேல் இருக்கிற ஒவ்வொரு கிலோவும் பாரமாகிவிட்டது தடியன்களுக்கு. குறைந்தால் ஈயம், கூடினால் நஷ்டம். சரியாக எண்பதில் வந்து நிற்க வேண்டும். இரண்டு மாதமாக ஆளாளுக்குப் பட்டினி. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருத்தன் வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடினான். சிமெண்ட் தொந்தியைத் தொலைத்து, கன்னம் ஒட்டி, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றான். காலையில் பார்த்தபோது அவன் மிஷினில் ஏறி இறங்கிச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை தம்பி?" என்று கொசு கேட்டாள்.

"எண்பத்தொண்ணு அக்கா. உடுப்பு ஹெல்மெட்டு எல்லாம் சேத்து."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். அவளிடம் யாராவது வந்து, உங்க ஈயத்தைக் கொஞ்சம் கீழே வச்சுக்குங்க அக்கா என்று சொன்னார்களா என்ன?

வெயில் அன்று மண்டையைப் பிளந்தது. அந்த ரேஸைப் பற்றிச் சொல்லப் போனால், கொசு வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. தோளுக்குப் பின்னால் ஈயம் அவளை ஒவ்வொரு வளைவிலும் வெளியே பிடித்துத் தள்ளியது. அவள் முன்கூட்டியே பிரேக் போட்டாள், டயரைப் பச்சைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாள், நேர்ப் பாதையில் சிமெண்டின் முதுகோடு ஒட்டிக்கொண்டே போனாள். கடைசி வளைவில், முன்பு புகுந்த அதே உள்பக்கத்தில் மூக்கை நுழைத்தாள். சிமெண்ட் இடம் விட்டான். அவன் அழுக்கு ஆட்டம் ஆடுகிறவன் இல்லை. இரண்டு காரும் ஒன்றாகத் திரும்பின. அங்கே அவளுடைய டயர் கைவிட்டது. கார் ஒரு கை அகலம் வழுக்கியது. அந்த ஒரு கை அகலத்தில் சிமெண்ட் முன்னால் போய்விட்டான்.

காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். அழுகை வந்தது. யாருக்கும் தெரியாமல் ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுது முடித்தாள். கணவன் வந்து கதவைத் திறந்து, அவள் கையைப் பிடித்து இறக்கினான். பிறகு சீட்டுக்குப் பின்னால் தகடுகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

எடை மிஷின் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பந்தலில் இருந்தது. மேஜை மேல் கோப்பை. சுற்றிக் கூட்டம், மைக்கோடு ஒரு ஆள். முதலில் சிமெண்ட் ஏறினான். உடம்பெல்லாம் நனைந்து, காலரிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. ஏறும்போது கூட்டத்துக்குக் கையசைத்தான்.

செயலாளர் எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒரு தடவை இறங்கி ஏறுங்க," என்றார். சிமெண்ட் இறங்கி ஏறினான். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஷூவைச் சரிசெய்துகொண்டு, மூன்றாவது தடவையும் ஏறினான். எழுபத்தொன்பதே கால்.

அடுத்து கொசுவை ஏறச் சொன்னார்கள். கணவன் தகடுகளை அவள் காலடியில் ஒவ்வொன்றாக அடுக்கினான், அந்த வீண் சுமை இரண்டையும் சேர்த்து. எண்பதுக்கு மேலேயே நின்றது. நாத்தனார் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், பக்கத்தில் நின்றவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

செயலாளர் தான் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "விதிப்படி... முதலில் வந்தவர் தகுதி நீக்கம். அதனால இந்த வருஷக் கோப்பை..." கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து கொசுவின் பக்கம் நீட்டினார்.

கொசு அதைப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. பதினைந்து வருஷ ஆசை. கை தானாக அரைவாசி தூரம் போயிற்று. அப்போதுதான் தொண்டையில் அந்த முள் மறுபடி குத்தியது. இதை வாங்கினால், அவன் அன்று சொன்னது நிஜமாகிவிடும். யார் ஜெயிச்சா? தராசு. சத்தியமான வார்த்தை. இனி ஆயுசுக்கும் மறுக்க முடியாது.

அவள் கையை இறக்கினாள். மிஷினிலிருந்து இறங்கி, சிமெண்டுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் மார்பு உயரம்தான் இருந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு உன்னை ஜெயிச்சது யாரு?"

"என்ன அக்கா, வெந்த புண்ணுல..."

"சொல்லு."

"யாரு. இதுதான்." மிஷினைக் காலால் காட்டினான்.

"நான் இல்லையே?"

"நீங்க எங்க ஜெயிச்சீங்க? நான்தான் முன்னாடி வந்தேன். எல்லாரும் பாத்தாங்க."

"நானும்தான் பாத்தேன். எனக்குத்தான் ரொம்பக் கிட்டத்துல தெரிஞ்சுது." யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "தராசுகிட்டத் தோக்கறது எப்படி இருக்கும்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டே இல்ல? இப்பச் சொல்லு. அன்னிக்கு, கடைசி வளைவுல, உன்னைத் தாண்டிப் போனது இதுவா?"

சிமெண்ட் தலையைக் குனிந்துகொண்டான். நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்து விழுந்தது. அவன் சித்தப்பா பின்னாலிருந்து, "வாடா போகலாம்," என்றார். அவன் நகரவில்லை.

"இல்ல," என்றான்.

"பின்னே யாரு?"

வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலை. இந்தாப்பா, மைக்கைக் கிட்டக் கொண்டு வா. அன்னிக்கு மைக்குலதான் சொன்னான்."

மைக்கு வந்தது. சிமெண்ட் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தோற்கத் தெரியாதவன் என்று சொன்னேன். அன்று கற்றுக்கொண்டான் என்றுதான் நினைக்கிறேன்.

"நீங்கதான் அக்கா," என்றான். "அன்னிக்கு என்னை ஜெயிச்சது நீங்கதான்."

மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் அது கேட்டது. கொசுவின் தொண்டையிலிருந்து அந்த முள் இறங்கிப் போனது. அப்படி ஒரு நிம்மதி அவளுக்கு எந்த ரேஸ் ஜெயித்தும் வந்ததில்லை.

செயலாளர் இன்னும் கோப்பையை நீட்டியபடி நின்றிருந்தார். "அம்மா, இது."

கொசு அதை வாங்கினாள். நாத்தனார் மறுபடி விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். ஆனால் கொசு கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து, ஈயத்தகடுகளை ஒவ்வொன்றாக மிஷினிலிருந்து தூக்கி செயலாளரின் மேஜையில் டொம் டொம்மென்று வைத்தாள். மேஜை முனகியது. கடைசியாக, வெறும் மிஷின் மேல் கோப்பையை வைத்துவிட்டு எண்ணைப் படித்தாள்.

"மூணு கிலோ சொச்சம். எண்பதுக்கு ரொம்பக் குறையுது சார். தகுதி நீக்கம் பண்ணிடுங்க."

பந்தல் வெடித்துச் சிரித்தது. சிமெண்ட்கூட முகத்தைத் துடைக்கிற சாக்கில் சிரித்தான்.

"நீங்க வாங்கலைன்னாலும் பட்டியல்ல உங்க பேர்தாம்மா வரும்," என்றார் செயலாளர், பாவம், அழுகிற குரலில்.

"போட்டுக்குங்க. பக்கத்துல தராசு ஜெயிச்சுதுன்னு போட்டுக்குங்க. எனக்கு வேண்டியதை வாங்கிட்டேன். இன்னொண்ணு சார். அடுத்த வருஷம் எண்பதுன்னாலும் சரி, நூறுன்னாலும் சரி, ஈயத்தைத் தலையில வச்சுக்கிட்டு ஓட்டுன்னாலும் சரி, ஓட்டறேன். ஆனா மொத ரேஸுக்கு முன்னாடி எழுதிடுங்க. பாதியில பேனாவைத் திறந்தீங்க, இதே மிஷின் மேல உங்களை ஏத்திவச்சு எடை போடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தாள். கணவன் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். நாத்தனார் மட்டும் பந்தலுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? கையில வந்ததை யாராவது தராசுல வச்சிட்டு வருவாங்களா? ஷெட்ல அலமாரியை நேத்தே துடைச்சு வச்சேன். நடுத் தட்டு. கோப்பைக்குன்னே." குரல் உடைந்துபோனது. "இப்ப அது காலியாக் கிடக்குமே."

கணவன் நின்று திரும்பினான். "கிடக்கட்டும்," என்றான். இரண்டு எட்டு வைத்துவிட்டு, தன் வழக்கத்துக்கு மாறாக இன்னொரு வார்த்தையும் பேசினான். "உன் அண்ணி சிரிச்சா, பாத்தியா?"

கொசு காரில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். ஈயம் இல்லாத கார், கால் பட்டதும் துள்ளியது. ஜன்னல் வழியே தலையை நீட்டி நாத்தனாரைப் பார்த்தாள்.

"அந்தத் தட்டுல எதையும் வச்சிடாதே. வாராவாரம் துடைச்சு வை. அடுத்த வருஷம் வேணும்."